வெயில் பேச்சும் வேலைதான்

லாவோஸிலிருந்து அடுத்த மாதம் வரப்போகும் பெண்களுக்கு மொழிபெயர்ப்பாளர்களாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும் இதை எழுதுகிறேன். பணி அனுபவம் என்றால் ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது. இரண்டாவது பிரசவத்துக்காக வேலையை விட்டு ஐந்து வாரம் ஆகிறது. திரும்பி வருவேனா என்று எனக்கே தெரியவில்லை. எனவே நானும் ஓய்வு பெற்றவள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூத்தவள் மதியம் தூங்கும் நேரத்தில்தான் எழுத முடிகிறது. நடுநடுவே எழுந்து போய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன். காய்ச்சல் ஒன்றும் இல்லை. தொட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

சொற்பட்டியல், இயந்திரங்களின் பெயர்கள், பாதுகாப்பு அறிவிப்புகள் எல்லாம் தனிக் கோப்பில் இருக்கின்றன. அதில் எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன். எழுதலாமா என்று நான்கு நாள் யோசித்தேன். என் தவறுகளைப் படித்துவிட்டு, இவளையா இத்தனை நாள் நம்பினோம் என்று அலுவலகத்தில் நினைக்கலாம். நினைக்கட்டும்.

நான் லாவோ மொழியை வகுப்பில் படிக்கவில்லை. கல்யாணமான புதிதில் கணவருக்கு வியன்டியானில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் வேலை. மூன்று வருடம் அங்கே இருந்தோம். சந்தையில் நின்று நின்று கற்றுக்கொண்டது. முதலில் விலை கேட்கக் கற்றேன். அடுத்துக் கற்றது வெயில் பேச்சு. கீரை விற்கும் அம்மா கட்டை அவிழ்த்துக்கொண்டே, "ஹோன் நொ?" என்பார். வெக்கையாக இருக்கிறது, இல்லையா என்று அர்த்தம். நானும் "ஹோன், ஹோன்" என்பேன். பேச்சு அத்துடன் முடிந்துவிடும். அதைப் பேசாமல் நேராகக் கீரையைக் கேட்ட நாட்களில் அவர் முகம் சற்று மாறும். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. நான் கூடுவாஞ்சேரிக்காரி. எங்கள் பக்கம் மே மாதத்தில் யாரிடமாவது வெயிலாக இருக்கிறது இல்லையா என்று கேட்டால், "பின்ன இன்னா, பனியா கொட்டும்?" என்பார்கள்.

ஊர் திரும்பிய பிறகு இந்தத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. கார்களுக்கான ஒயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்க்கும் இடம். சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவில் இருபது நிமிடம். லாவோஸில் திறக்கப்போகும் கிளைக்காகப் பதினாறு பெண்கள் மார்ச் மாதம் நான்கு மாதப் பயிற்சிக்கு வந்து இறங்கினார்கள். எல்லோரும் இருபது, இருபத்திரண்டு வயது. அவர்களுக்கும் தமிழ் பேசும் சூப்பர்வைசருக்கும் நடுவில் நான் ஒருத்திதான்.

சூப்பர்வைசர் படாளத்துக்காரர். பெயரை எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார். நான் எப்போதும் கூப்பிட்டது போல அண்ணன் என்றே எழுதுகிறேன். அவர் முதல் நாள் வருகைப் பதிவை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். மணிவன் என்ற பெயர் வந்ததும் நிமிர்ந்தார்.

"மணிவனா? நம்ம ஊரு பேரு மாதிரியே கீதே. எந்தப் பொண்ணு அது?"

கடைசி வரிசையில் நின்ற ஒல்லியான பெண் கையை உயர்த்தினாள். அன்றிலிருந்து அவருக்கு அவள் மணி. அவள்தான் பதினாறு பேரிலும் குறைவாகப் பேசுகிறவள்.

தினமும் காலையில் ஒயர் கட்டும் லைனிலேயே பத்து நிமிடக் கூட்டம். ஏதாவது பிரச்சினை உண்டா என்று அண்ணன் கேட்பார். நான் லாவோவில் கேட்பேன். பெண்கள் ஒருவர் பின் ஒருவராக ஆரம்பிப்பார்கள். இன்று வெக்கை அதிகம். நேற்று ராத்திரி காற்றே இல்லை. விடியற்காலையில்கூடத் தண்ணீர் சூடாகத்தான் வருகிறது. மேகம் தெரிந்தது, ஆனால் மழை வரவில்லை. நான் பொறுமையாகக் கேட்டுவிட்டு அண்ணனிடம் திரும்பி, "ஒண்ணும் இல்லண்ணா" என்பேன்.

நான்காம் நாள் அவர் கேட்டார். "இன்னா மேடம், அதுங்க அஞ்சு நிமிஷம் பேசுதுங்க, நீங்க ரெண்டே வார்த்தைல முடிச்சிடறீங்க. மீதிய எங்க ஒளிச்சி வச்சிகினு கீறீங்க?"

லைனில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. "வெயிலப் பத்திதாண்ணா பேசறாங்க. சும்மா பேச்சு."

"வெயிலா? சரி, வுடுங்க."

விட்டுவிட்டேன். நேரத்தை மிச்சப்படுத்துகிறேன் என்ற பெருமைகூட இருந்தது. பத்தாம் நாள் லைனில் நின்றுகொண்டிருந்த இரண்டு பெண்கள் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். முதலுதவி அறை நர்ஸ் பார்த்துவிட்டு, ரெண்டு பேரும் தண்ணியே குடிக்கல போலிருக்கே என்றார். ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன். இருவரும் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்கள். தங்கியிருக்கும் விடுதியில் தண்ணீர் சூடாக வருகிறது, தினமும் சொல்லிக்கொண்டுதானே இருந்தோம் என்றார்கள். மொட்டைமாடியில் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியிலிருந்துதான் குடிதண்ணீர்க் குழாய்க்கும் வருகிறது. ராத்திரி முழுக்க அது ஆறுவதில்லை. பதினாறு பேரும் வந்த நாளிலிருந்து வெந்நீரைக் குடித்துக்கொண்டு, முடிந்தவரை குடிக்காமல் இருந்துகொண்டு, அதைக் காலைதோறும் எங்களிடம் மரியாதையாகச் சொல்லிக்கொண்டும் இருந்திருக்கிறார்கள். விருந்தினராக வந்த இடத்தில் தண்ணீர் சரியில்லை என்று எடுத்தவுடன் சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. அதனால் வெயிலோடு சேர்த்துச் சொன்னார்கள்.

அண்ணன் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "மேடம், இனிமே வெயிலோ மழையோ, மொத்தமா கொட்டிடுங்க. பொறுக்கிக்கறது என் வேல."

மறுநாள் விடுதிக்கு மூன்று மண்பானைகள் வந்தன. நீங்கள் எழுதி வைத்துக்கொள்ளக்கூடிய பாடம் அதுதான். பேச்சில் எது தேவை, எது தேவையில்லை என்று தீர்மானிக்கும் வேலையை நம்மிடம் யாரும் கொடுக்கவில்லை.

ஆனால் என் சுபாவம், ஒரு பக்கம் தவறினால் உடனே மறுபக்கம் ஓடுவது. ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் நானும் எல்லோரையும் வேனில் மாமல்லபுரம் கூட்டிப்போனோம். லாவோஸில் கடல் கிடையாது. பதினாறு பேரில் ஒருவரும் அதுவரை கடலை நேரில் பார்த்ததில்லை. மணலில் இறங்கியதும் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒருத்தி, "காற்று பலமாக இருக்கிறது, இல்லையா?" என்றாள். பக்கத்தில் இருந்தவள், "ஆமாம், ரொம்பப் பலம்" என்றாள். மணிவனும் அதையே சொன்னாள்.

எனக்குத் தண்ணீர்த் தொட்டி ஞாபகம் வந்துவிட்டது. மூன்று பேர் சொல்கிறார்கள். பயப்படுகிறார்களா? வேனில் வந்தது தலைசுற்றுகிறதா? மறுபடி விட்டுவிடக் கூடாது என்று அண்ணனிடம் ஓடினேன். "இவங்களால தாங்க முடியலண்ணா, கிளம்பிடலாம்." கால் மணி நேரத்தில் எல்லோரையும் எண்ணி வேனில் ஏற்றிவிட்டேன். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. வேன் திருக்கழுக்குன்றத்தை நெருங்கும்போது முன்சீட்டில் என் பக்கத்தில் இருந்த மணிவன் மெதுவாகக் கேட்டாள். "நாங்கள் ஏதாவது தப்பு செய்தோமா, அக்கா?"

"இல்லையே, காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றுதானே சொன்னீர்கள்?"

"காற்று நன்றாக இருந்தது. அதனால்தான் சொன்னோம்."

அதை அண்ணனுக்கு மொழிபெயர்த்தேன். வேறு வழியில்லை, மொத்தமாகக் கொட்டச் சொல்லியிருந்தாரே. அவர் சிரித்த சிரிப்பில் டிரைவர் வேனை ஓரம் கட்டினார். "காத்து அடிக்குதுன்னா காத்து அடிக்குதுன்னு அர்த்தம் மேடம். கடலாண்ட பின்ன இன்னா அடிக்கும், ஃபேனா?"

வண்டியைத் திருப்பச் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. அடுத்த நாள் முதல் லைனில் என் பெயர் காத்து மேடம். கேலிதான், கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் சுருங்கிப் போனேன். அதற்குப் பிறகு பெண்கள் வெயில் என்று சொன்னதை வெயில் என்றே சொன்னேன். அதற்குள் வேறு ஏதாவது இருக்குமா என்று தேடுவதை நிறுத்திவிட்டேன். இனி சொல்லப்போவது புரிவதற்கு இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மே மாதம், அக்கினி நட்சத்திரம். அன்று மின்சாரப் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்தியிருந்தார்கள். ஜெனரேட்டரில் லைன் ஓடியது, ஏசி ஓடவில்லை. பன்னிரண்டரை மணிக்குச் சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் மணிவன் நின்றாள். எனக்கு முதுகில் வியர்வை வழிந்தது. கையில் போன். மகள் ஒரு தடவை வாந்தி எடுத்தாள் என்று அவளை விட்டுவரும் கிரெஷிலிருந்து செய்தி வந்திருந்தது. பதில் தட்டிக்கொண்டே, வாய்ப் பழக்கத்தில், "ஹோன் நொ?" என்றேன்.

மணிவன் திரும்பிச் சிரித்தாள். "இன்று கொஞ்சம் குளிர், அக்கா."

நானும் சிரித்துவிட்டேன். முந்தின வாரம்தான், வெக்கையைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, இனி குளிர் என்று சொல்லுங்கள் என்று அவர்களிடம் தமாஷ் செய்திருந்தேன். அதைத்தான் திருப்பிச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். பின்னால் நின்ற அண்ணனிடம், "மணிக்குக் குளிருதாம்ண்ணா" என்றேன்.

"குளிருதா? ரெண்டு கம்பளி வாங்கிக் குடுங்க, பாவம்."

வரிசையே சிரித்தது. மணிவனும் சிரித்தாள். கிரெஷ் அக்காவிடமிருந்து, இப்போது பரவாயில்லை என்று பதில் வந்தது. தட்டை எடுத்துக்கொண்டேன்.

சொல்லை விடவில்லை, கவனியுங்கள். சரியாகத்தான் மொழிபெயர்த்தேன். கூடவே என் சிரிப்பையும் சேர்த்துக் கொடுத்தேன். அதைக் கேட்ட அண்ணனுக்கு வேறு என்ன தோன்றும்?

ஆறு மணிக்குச் சிங்கப்பெருமாள் கோயிலில் ரயில் ஏறினேன். எதிரில் உட்கார்ந்திருந்த அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டு, "இன்னா வெயிலு! ஒரே பேஜாரா கீது" என்றார். ஆமாங்க என்றேன். இன்னொருவர், ஆமாம்மா, இன்னும் பத்து நாளைக்கு இப்பிடித்தான் என்றார். காட்டாங்குளத்தூர் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பேச்சுக்கு எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்கிறார்கள். முன்பின் தெரியாதவர்கூட ஆமாம் என்கிறார். மணிவன் யாரையும் மறுத்துப் பேசாதவள். கடலை விட்டு இழுத்துக்கொண்டு வந்தபோதுகூட மறுத்துப் பேசவில்லை. வந்த நாளிலிருந்து நான் வெக்கை என்றால் வெக்கை என்றுதான் சொல்லியிருக்கிறாள். இன்று ஏசி இல்லாத கூடத்தில், ஏன் இல்லை என்றாள்?

தமாஷாக இருக்கலாம். எனக்குக் காத்து மேடம் என்று பெயர். விடுதி வார்டனுக்குப் போன் போட்டேன்.

"மணியா? அது வந்ததுலேந்து தூங்கிகினு கீதும்மா. சாப்பாடு வேணாம்னு கைய காட்டிச்சி. களைப்பு போல."

"போர்வை போத்தியிருக்காளா?"

"ரெண்டு போத்திகினு கீது. பக்கத்துப் பொண்ணோடதையும் வாங்கிகிச்சி. இந்தப் புழுக்கத்துல எப்பிடித்தான் தூங்குதோ."

ரயில் பொத்தேரியில் நின்றது. இறங்கிவிட்டேன். இறங்கிய பிறகுதான் யோசித்தேன். கிரெஷ் ஏழு மணி வரைதான். மகள் இன்றுதான் வாந்தி எடுத்தவள். கணவருக்கு ஒரகடத்தில் இரண்டாம் ஷிப்ட். ரயில் போய்விட்டது. எதிர்ப் பிளாட்பாரத்தில் செங்கல்பட்டு வண்டிக்கு இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது. அந்தப் பதினொரு நிமிடமும் நடந்தேன். வார்டனே பார்த்துக்கொள்வார், காலையில் விசாரித்தால் போதாதா என்று ஒரு நடை. என் மகளே அப்படிக் கிடந்து, பாஷை தெரிந்த ஒரே ஒருத்தியும் வீட்டுக்குப் போய்விட்டிருந்தால் என்று ஒரு நடை. இது வெறும் பயம், மறுபடி சிரிப்பார்கள் என்று இன்னொரு நடை. கிரெஷ் அக்காவைக் கூப்பிட்டேன்.

"கொழந்த நல்லாத்தான் கீது. பிஸ்கட் சாப்ட்டு வெளையாடிகினு கீது. எட்டு மணி வரைக்கும் வச்சிக்கறேன். அதுக்கு மேல என்னால ஆகாது, சொல்லிட்டேன்."

கணவரிடம் சொன்னேன். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல், பர்மிஷன் போட்டுவிட்டுக் கிரெஷுக்குப் போகிறேன் என்றார். பிறகு அண்ணனுக்குப் போன் செய்தேன். சிரிப்பார் என்று தயாராக இருந்தேன். அவர் சிரிக்கவில்லை. "நான் வண்டிய எடுத்துகினு விடுதிக்கு வந்துடறேன். நீங்க வாங்க."

விடுதியில் மணிவன் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பல் தந்தியடித்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள். "குளிராக இருக்கிறது, இல்லையா?" என்றாள். கழுத்தைத் தொட்டேன். சுட்டது. எனக்கு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. "ஆமாம், குளிர்தான்" என்றேன்.

அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் வந்தது. இரண்டு நாளாக இடுப்புக்கு மேலே முதுகில் வலி. சிறுநீர் போகும்போது எரிச்சல். மண்பானையில் குளிர்ந்த தண்ணீர் இருந்தும் அவள் குடிக்கவில்லை. குடித்தால் லைனில் கையைத் தூக்கி அனுமதி கேட்டுக் கழிப்பறைக்குப் போக வேண்டும், எல்லோரும் பார்ப்பார்கள் என்று வெட்கம். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அண்ணனின் கார் வாசலில் ஹாரன் அடித்தது. வார்டனும் நானும் இரண்டு பக்கமும் பிடித்து இறக்கினோம். படியில் அவள் கால் நிற்கவில்லை.

செங்கல்பட்டு மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது ஏழரை தாண்டிவிட்டது. டாக்டர் என்னைவிட இளைய பெண். ரத்த அழுத்தத்தைப் பார்த்தார். மறுபடி ஒரு தடவை பார்த்தார். சிறுநீரகத்தில் கிருமி பிடித்து ரத்தத்தில் ஏறியிருக்கலாம் என்றார். கைகள் வேலை செய்துகொண்டே இருந்தன.

"நடுக்கம் எப்போலேந்து? எனக்கு இது முக்கியம். சரியா கேட்டுச் சொல்லுங்க."

கேட்டேன். மணிவன் கண்ணை மூடிக்கொண்டே பதில் சொன்னாள். அந்த நிலையிலும் அவள் பேச்சில் மரியாதை குறையவில்லை.

"மதியம் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது. அப்போதே அக்காவிடம் சொன்னேன். அக்காவுக்கு வேலை அதிகம், மறந்திருப்பார்."

டாக்டர் கேட்டது நேரம். பன்னிரண்டரை என்று சொல்லியிருந்தால் போதும். அதுவே சரியான, முழுமையான பதில். மீதி வைத்தியத்துக்குத் தேவையில்லாத பேச்சு. அந்த அறையில் லாவோ தெரிந்தவர்கள் மணிவனும் நானும்தான். என் பின்னால் அண்ணன் நின்றார். அலுவலகத்திலிருந்து அவருக்குப் போன் மேல் போன் வந்துகொண்டிருந்தது. என்னவெல்லாம் ஓடியது என்று உங்களிடம் மறைக்கப்போவதில்லை. வேலை போய்விடும். விசாரணை என்று கூப்பிடுவார்கள். இந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆனால், அவள் அம்மாவிடம் இதை நான்தான் அவள் பாஷையில் சொல்ல வேண்டும்.

"மதியம் பன்னிரண்டரைக்கு, டாக்டர்" என்றேன். "அப்பவே அக்காகிட்ட சொன்னேன், அக்காவுக்கு வேலை அதிகம், மறந்திருப்பாங்கன்னு சொல்றா. அக்கான்னா நான்தான். நான் மறக்கல. தமாஷ்னு நெனச்சி சிரிச்சிட்டேன்."

டாக்டர் நிமிரவில்லை. "பன்னிரண்டரை. ஏழு மணி நேரம்" என்று எழுதினார்.

பின்னாலிருந்து அண்ணன் குரல் வந்தது. "நானுந்தாம்மா சிரிச்சேன். அதையும் எழுதிக்கோங்க."

"ரெண்டு பேரும் வெளிய நில்லுங்க" என்றார் டாக்டர்.

மணிவன் பிழைத்தாள். ஆறு நாள் படுக்கையில் இருந்தாள். ஜூலையில் மற்றவர்களோடு ஊருக்குப் போனாள். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று வராந்தாவில் நின்றபோது எனக்கு இது தெரியாது. நீங்களும் தெரியாமல்தான் நிற்பீர்கள்.

அண்ணன் சுவரில் சாய்ந்துகொண்டு, மறுபடி அடித்த போனை அணைத்தார். மகள் தூங்கிவிட்டாள் என்று கணவரிடமிருந்து செய்தி வந்தது. இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை, உள்ளே வேறு யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். செங்கல்பட்டில் லாவோ தெரிந்த வேறு யாராவது இருப்பது போல.

கதவு திறந்தது. நர்ஸ் தலையை நீட்டி, "பாஷ தெரிஞ்சவங்க யாரு? உள்ள வாங்க. அது இன்னாவோ சொல்லிகினே கீது" என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு போனேன்.